ஐயம் தீர்க்கப் புறப்பட்ட துறவி

சாஸ்திரங்களைப் பயிலும் சாதகர் பலருக்கும் ஒரு கட்டத்தில் ஐயம் எழுகிறது. ஒரு நூல் ஒன்றைக் கூறுகிறது. மற்றொரு நூல் அதற்கு மாறாகக் கூறுகிறது. பெரும்பாலோர் அந்த ஐயத்துடனேயே வாழப் பழகிக்கொள்கின்றனர். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீனத் துறவி ஒருவரால் அவ்வாறு இருக்க இயலவில்லை. மனத்தின் இயல்பு குறித்துத் தமக்கிருந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள அவர் பாலைவனத்தையும் பனிமலைகளையும் கடந்து பாரத நாட்டிற்கு வந்தார். நமது பள்ளிப் பாடநூல்கள் பெரும் பயணியாக அறிமுகப்படுத்தும் யுவான் சுவாங் அவரே. ஆனால் அவர் தம்மை ஒரு மாணவராகவே கருதினார். நல்லாசான் ஒருவரைத் தேடியே அவர் இங்கு வந்தார்.

இளமையில் துறவு

சீனாவின் லோயாங் நகருக்கு அருகில், கி.பி. 602-ஆம் ஆண்டளவில், சென் என்னும் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை கன்பூசியஸின் நெறியில் ஊறிய கல்விமான். நான்கு புதல்வர்களுள் கடைசியாகப் பிறந்த யுவான் சுவாங் சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். இரண்டாவது தமையனார் லோயாங் மடாலயம் ஒன்றில் துறவியாக இருந்தார். அவருடன் தங்கிப் பௌத்த நூல்களைக் கற்கத் தொடங்கிய சிறுவனை, வயது போதாதிருந்தும், அரசு அதிகாரி ஒருவர் மடாலயத்தில் சேர அனுமதித்தார். புத்தர் ஏற்றிய ஒளியை நெடுந்தொலைவு கொண்டுசெல்ல வேண்டும் என்று 13 வயதுச் சிறுவன் கூறிய விடை அவரது உள்ளத்தைத் தொட்டது.

618-இல் சூய் வம்சம் வீழ்ந்தது. போரும் பஞ்சமும் நாட்டை வாட்டின. சகோதரர் இருவரும் சாங்கான் நகருக்கும், பின்னர் தென்மேற்கிலுள்ள செங்டு நகருக்கும் சென்றனர். 622-இல் யுவான் சுவாங் முழுமையான துறவற தீக்ஷை பெற்றார்.

தூங்கவிடாத கேள்வி

அதன் பின்னர் அவர் ஊர் ஊராகச் சென்று அறிஞர்களிடம் பாடம் கேட்டார். கேட்கக் கேட்கக் குழப்பமே மிகுந்தது. மனத்தின் அடித்தளம் இயல்பிலேயே தூயதா, மாசு படிந்ததா? எல்லா உயிர்களுக்கும் ஞானநிலை எட்டக்கூடியதுதானா? ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு விதமாக விடை கூறினர். சீன மொழியில் அப்போதிருந்த மொழிபெயர்ப்புகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

தியானத்தில் ஈடுபடுபவருக்கு இது வெறும் தர்க்கமன்று. மனம் எதனால் ஆனது என்று தெரியாவிட்டால் அதனை எவ்வாறு பண்படுத்துவது? இதற்கு முழுமையான விளக்கம் யோகாசார பூமி என்னும் சாஸ்திரத்தில் உள்ளது என அவர் அறிந்தார். யோகம் பயிலும் மனம் படிப்படியாக உயர்ந்து செல்லும் 17 நிலைகளை விவரிக்கும் பெருநூல் அது. மைத்ரேய போதிசத்துவரிடமிருந்து அசங்கர் இதனைப் பெற்றார் என்பது பௌத்த மரபு. அதனை மூலமொழியில், அதனை உணர்ந்த ஒருவரின் வாய்மொழியாகவே கேட்பது என்று யுவான் சுவாங் முடிவு செய்தார்.

திரும்புவதில்லை என்னும் விரதம்

எல்லையைக் கடக்க அரசு அனுமதி அளிக்கவில்லை. 629-ஆம் ஆண்டளவில் அவர் அனுமதியின்றியே புறப்பட்டார். கோபி பாலைவனத்தில் தன்னந்தனியே செல்கையில் தண்ணீர்ப் பை கைதவறி விழுந்து நீர் முழுவதும் மணலில் கொட்டிப்போயிற்று. சிறிது தூரம் வந்த வழியே திரும்பினார். பாரதத்தை அடையாமல் கிழக்கு நோக்கி ஓர் அடியும் எடுத்துவைப்பதில்லை என்று தாம் செய்திருந்த சங்கல்பம் அப்போது நினைவுக்கு வந்தது. மீண்டும் மேற்கு நோக்கி நடந்தார். நான்கு இரவும் ஐந்து பகலும் நீரின்றிக் கழிந்த பின்னரே நீர்நிலை ஒன்று தென்பட்டது.

அடுத்து வந்த தடை அன்பின் வடிவில் வந்தது. துர்பான் நாட்டு மன்னர் அவரைத் தமது நாட்டிலேயே குருவாக இருத்திக்கொள்ள விரும்பினார். போக விடமாட்டேன் என்றே கூறிவிட்டார். யுவான் சுவாங் உணவையும் நீரையும் மறுத்து மூன்று நாட்கள் அமர்ந்திருந்தார். மனம் நெகிழ்ந்த மன்னர், வழியிலுள்ள நாடுகளின் அரசர்களுக்கு 24 கடிதங்களும், துணையாட்களும், பொருளும் அளித்து வழியனுப்பினார். திரும்பி வருகையில் மூன்று ஆண்டுகள் அங்குத் தங்குவதாகத் துறவியும் வாக்களித்தார்.

காத்திருந்த ஆசான்

காஷ்மீரத்தில் ஈராண்டுகள் பயின்று, புத்தகயையில் போதிமரத்தை வணங்கி, இறுதியில் அவர் நாலந்தாவை அடைந்தார். அங்கே தலைமை ஆசானாக விளங்கியவர் வங்கத்தின் சமதடத்தைச் சேர்ந்த சீலபத்திரர். அப்போது அவருக்கு வயது 106 என்று யுவான் சுவாங்கின் சீடர் ஹுயிலி எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

வந்தவர் தமது நாட்டைக் கூறி, யோக சாஸ்திரம் பயில வந்திருப்பதாகத் தெரிவித்ததும் சீலபத்திரர் கண்ணீர் விட்டார். காரணத்தை அவருடைய சகோதரரின் மகன் புத்தபத்திரர் விளக்கினார். முதிய ஆசான் 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் கைகால்களில் கடும் வலியால் துன்புற்றுவந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் வலி பொறுக்க இயலாத அளவு பெருகவே, உண்ணாதிருந்து உடலை விட்டுவிட எண்ணினார். அன்றிரவு கனவில் மஞ்சுஸ்ரீ, அவலோகிதேசுவரர், மைத்ரேயர் ஆகிய மூவரும் தோன்றினர். உடலை வெறுத்து விடுவதால் துன்பத்தின் காரணம் தீராது; சீன நாட்டுத் துறவி ஒருவர் கற்க வருவார், அவருக்குக் கற்பிப்பதற்காக வாழ்ந்திரு என்று அவர்கள் பணித்தனர். அதன்பின் வலி தணிந்தது, அவர் காத்திருந்தார்.

தம்மால் பயன்பெற ஒருவர் வருவார் என்பதற்காகத் தம் துன்பத்தைப் பொறுத்துக்கொண்டவர் சீலபத்திரர். அத்தகைய ஒருவர் இருப்பார் என்று நம்பி உயிரையும் பொருட்படுத்தாது நடந்து வந்தவர் யுவான் சுவாங். யோக சாஸ்திர விரிவுரை 15 மாதங்கள் நடைபெற்றது. யுவான் சுவாங் அதனை மும்முறை முழுமையாகக் கேட்டார். ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிந்தார்.

காஞ்சியில் ஓர் உரையாடல்

பின்னர் அவர் தென்னாடு நோக்கிப் புறப்பட்டு, 640-ஆம் ஆண்டளவில் பல்லவர் தலைநகரான காஞ்சிபுரத்தை அடைந்தார். அங்கு நூறு பௌத்த மடாலயங்களும் சுமார் 10,000 துறவியரும் இருந்ததாகக் குறித்துள்ளார். காஞ்சியில் அவருக்கு உள்ளத்து உறவு ஒன்றும் இருந்தது. சீலபத்திரரின் குருவான தர்மபாலர் பிறந்த ஊர் அது. அமைச்சரின் மகனான தர்மபாலர், அரச குமாரியுடன் நிச்சயிக்கப்பட்ட திருமணத்திற்கு முந்தைய இரவில் புத்தர் திருவுருவின் முன் மனமுருகி வேண்டி, நகர் நீங்கித் துறவு பூண்டவர் என்று யுவான் சுவாங் பதிவு செய்துள்ளார்.

காஞ்சியிலிருந்து இலங்கை செல்வது அவரது எண்ணம். ஆனால் அங்கு மன்னர் இறந்ததாலும் பஞ்சத்தாலும் நூற்றுக்கணக்கான பிக்ஷுக்கள் காஞ்சிக்கு வந்துகொண்டிருந்தனர். யோக சாஸ்திரத்தின் கடினமான பகுதிகளை எடுத்துக்காட்டி அவர்களுடன் உரையாடினார். அவர்கள் அளித்த விளக்கம் எதுவும் சீலபத்திரர் அளித்ததை விஞ்சவில்லை என்று உணர்ந்தார். எனவே கடல் கடவாமல் வடக்கே திரும்பினார்.

முரணில் காணும் ஒற்றுமை

நாலந்தாவில் சிம்மரச்மி என்னும் அறிஞர் நாகார்ஜுனரின் சூனியவாத நெறியைக் கொண்டு யோகாசாரத்தை மறுத்துக் கற்பித்து வந்தார். யுவான் சுவாங் அவருடன் பலமுறை விவாதித்தார். இரு நெறிகளும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல, கற்போரே அவற்றை இணைத்துக் காணத் தவறுகின்றனர் என்பது அவரது முடிவு. இதனை விளக்கி 3,000 சுலோகங்கள் கொண்ட நூலொன்றை வடமொழியில் இயற்றினார். முரண்படும் நூல்களைக் கண்டு கலங்கிப் புறப்பட்ட இளைஞர், முரணுக்குள் ஒற்றுமையைக் காட்டும் ஆசிரியராகிவிட்டார்.

புத்தர் பிறந்த நாட்டைவிட்டுப் போகலாகாது என்று நாலந்தாத் துறவியர் அவரை வற்புறுத்தினர். கற்றதைத் தம் மக்களுக்கு அளிப்பதற்காகவே வந்ததாக அவர் விடையளித்தார். அதனைக் கேட்டு மகிழ்ந்து விடைகொடுத்தவர் சீலபத்திரரே. ஹர்ஷர் கன்னோஜியில் கூட்டிய பேரவையிலும் பிரயாகையில் நிகழ்ந்த தான விழாவிலும் கலந்துகொண்டபின் யுவான் சுவாங் தாயகம் நோக்கி நடந்தார். சிந்து நதியைக் கடக்கும்போது சுவடிகள் சில நீரில் போயின. துர்பான் மன்னருக்கு அளித்த வாக்கையும் நிறைவேற்ற இயலவில்லை. 640-இல் அந்நாடு வீழ்ந்துவிட்டது, மன்னரும் மறைந்திருந்தார்.

பெற்றதை அளித்தல்

645-இல் 657 நூல்களுடன் சாங்கான் நகரை அடைந்தார். துறவைக் களைந்து அமைச்சராகுமாறு பேரரசர் தாய்சுங் வேண்டியதை அவர் பணிவுடன் மறுத்தார். எஞ்சிய 19 ஆண்டுகளும் மொழிபெயர்ப்பிலேயே கழிந்தன. 75 நூல்கள், 1,335 சுருள்கள் அவரது தலைமையில் சீன மொழிக்கு வந்தன. எதற்காகப் புறப்பட்டாரோ அந்த யோகாசார பூமி 648-இல் 100 சுருள்களாக நிறைவடைந்தது.

652-இல் பாரதத்திலிருந்து பழைய நண்பர்களின் கடிதமும் வெண்துணிக் காணிக்கையும் வந்தன. 654-இல் அவர் எழுதிய பதில் மடலில், ஆசான் சீலபத்திரர் மறைந்த செய்தியைத் தூதர் வழியே கேட்டறிந்த துயரைக் கொட்டினார். யோக சாஸ்திரத்தை மொழிபெயர்த்து முடித்துவிட்டதையும் தெரிவித்தார். ஆற்றில் இழந்த சுவடிகளின் பட்டியலை இணைத்து, அவற்றின் பிரதிகளை அனுப்புமாறும் வேண்டினார். ஆசானுக்குச் செலுத்தும் அஞ்சலி அவருக்குப் பணியைத் தொடர்வதாகவே இருந்தது.

659-இல், வசுபந்துவின் முப்பது காரிகைகளுக்குப் பாரத ஆசிரியர் பதின்மர் இயற்றிய உரைகளைத் தொகுத்து ஒரே நூலாக்கினார். அதில் முதன்மை பெற்றது காஞ்சித் தர்மபாலரின் உரை. வடமொழி மூலம் பிற்காலத்தில் மறைந்துபோயிற்று; அவரது விளக்கம் இன்று அச்சீன நூலிலேயே வாழ்கிறது. யுவான் சுவாங்கிடம் பயின்ற டோஷோ என்னும் துறவியின் மூலம் அது ஜப்பானையும் அடைந்தது.

முதுமையில் உடல் நலிந்த நிலையில், 600 சுருள்கள் கொண்ட மகாபிரக்ஞாபாரமிதையைச் சுருக்காமல் முழுவதுமாக 663-இல் மொழிபெயர்த்து முடித்தார். மறு ஆண்டு, 664-இல், மைத்ரேயரைத் தியானித்தவாறே உடல் நீத்தார்.

காஞ்சியில் பிறந்தவர் நாலந்தாவில் ஏற்றிய விளக்கை வங்கத்தவர் காத்தார். வலியினூடே அணையாமல் காத்தார். அதைப் பெற்றவர் இமயத்திற்கு அப்பால் எடுத்துச் சென்றார். ஐயத்தை மறைக்காமல், தக்கவரை நாடிக் கேட்டுத் தெளிந்து, தெளிந்ததைப் பிறர்க்கு அளித்த யுவான் சுவாங்கின் வாழ்க்கை, பயிலும் ஒவ்வொருவருக்கும் வழிகாட்டி.