2147483647: பார்வையை இழந்த பிறகு ஆய்லர் அவிழ்த்த 10 இலக்கப் புதிர்!

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. 2-ஐ 31 முறை பெருக்கி, 1-ஐக் கழித்தால் கிடைக்கும் எண் இது. இது பகா எண்தான் என்று 1772-ல் உறுதி செய்தவர் லியோனார்டு ஆய்லர். அப்போது அவருக்குக் கண் பார்வை கிட்டத்தட்ட முழுசா போயிருந்தது.

யார் இந்த ஆய்லர்?

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1707-ல் பிறந்தவர். அப்பா பாதிரியார். 20 வயதில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்துக்குப் போனார். 1738-ல் வலது கண் பார்வை பாதித்தது. 1741-ல் பெர்லின், 1766-ல் மறுபடியும் ரஷ்யா. இடது கண்ணிலும் புரை விழ, 1771-ல் செய்த அறுவை சிகிச்சை கைகொடுக்கவில்லை. அதே ஆண்டு தீ விபத்தில் வீடும் எரிஞ்சு போச்சு. ஆனாலும் வேலை நிற்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள்.

அப்படி என்ன புதிர்?

இந்த எண் பகா எண் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-லேயே பட்டியல் போட்டிருந்தார். ஆனால் பெரியவர்கள் சொன்னால் மட்டும் கணக்கில் போதாது. ஃபெர்மா பகா எண் என நம்பிய 4294967297, 641-ஆல் வகுபடும் என்று இளம் வயதிலேயே காட்டியவர் ஆய்லர். மெர்சென் பட்டியலிலும் சில தவறுகள் இருந்தது பின்னாளில் தெரியவந்தது.

எப்படிக் கண்டுபிடிச்சார்?

சாதாரணமாகச் சோதித்தால் 46,340 வரை உள்ள 4,700-க்கும் அதிகமான பகா எண்களால் வகுத்துப் பார்க்கணும். ஆய்லர் குறுக்கு வழி கண்டார். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63தான் வரும். அப்படிப்பட்ட எண்கள் அதிகபட்சம் 372தான். அவற்றில் எதுவுமே வகுக்கவில்லை. கதை முடிந்தது!

இதனால் 19 இலக்க நிறைவெண் ஒன்றும் கிடைத்தது. (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை அதே எண்ணாக வந்தால் நிறைவெண். உதாரணம்: 1+2+3=6). இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811-ல் பீட்டர் பார்லோ எழுதினார். 1876-ல் லூக்காஸ் 39 இலக்கப் பகா எண்ணைக் கண்டுபிடிக்க, அந்தக் கணிப்பு பொய்த்தது.

நமக்கு என்ன சம்பந்தம்?

32 பிட் கணினி முறையில் குறியோடு சேமிக்கக்கூடிய மிகப்பெரிய முழு எண் இதுதான். 2014-ல் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வைகள் இந்த எல்லையைத் தாண்ட, யூடியூப் 64 பிட்டுக்கு மாறியது. நேரத்தை 32 பிட்டில் எண்ணும் பழைய கணினிகள் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44-க்கு இதே எல்லையைத் தொடும். மாற்றாவிட்டால் தேதி குழம்பிவிடும்.

ஆய்லர் 1783 செப்டம்பர் 18-ல், 76 வயதில் மறைந்தார். யுரேனஸ் கோளின் பாதை பற்றி அன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.