கார்ல் ஜான்ஸ்கி

கார்ல் குதே ஜான்ஸ்கி (அக்டோபர் 22, 1905 – பெப்ரவரி 14, 1950) ஓர் அமெரிக்க இயற்பியலாளரும் வானொலிப் பொறியாளரும் ஆவார். பால்வெளியிலிருந்து வானொலி அலைகள் வருவதை முதன்முதலில் கண்டறிந்தவர் இவரே. தொலைபேசி நிறுவனம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் இரைச்சலின் காரணத்தை ஆராயும்போது கிடைத்த இக்கண்டுபிடிப்பு, வானொலி வானியல் என்னும் துறைக்கு அடித்தளமாக அமைந்தது. தூசு முகில்களுக்குள் மறைந்து பிறக்கும் நிறை மிகுந்த விண்மீன்களை இன்று ஆராய முடிவது இத்துறையின் வளர்ச்சியாலேயே ஆகும். எனினும் தம் கண்டுபிடிப்பைத் தொடர்ந்து ஆராயும் வாய்ப்பு ஜான்ஸ்கிக்குக் கிட்டவில்லை.

இளமையும் கல்வியும்

ஜான்ஸ்கி அமெரிக்காவின் ஓக்லகோமாவில் உள்ள நார்மன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சிரில் ஜான்ஸ்கி மின்பொறியியல் பேராசிரியர். செக் நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். தமக்கு இயற்பியல் கற்பித்த கார்ல் குதே என்னும் பேராசிரியரின் நினைவாகவே அவர் தம் மகனுக்கு இப்பெயரைச் சூட்டினார். பின்னர் குடும்பம் விசுகொன்சின் மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தது. ஜான்ஸ்கியின் மூத்த சகோதரரும் வானொலிப் பொறியாளர் ஆவார். அமெரிக்காவின் தொடக்ககால வானொலி நிலையங்களை அமைப்பதில் பங்கு கொண்டவர்.

விசுகொன்சின் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்ற ஜான்ஸ்கி, 1927ஆம் ஆண்டு இளநிலைப் பட்டம் பெற்றார். மேலும் ஓராண்டு அங்கேயே பயின்றபின், 1928ஆம் ஆண்டு நியூ செர்சி மாநிலத்தில் இருந்த பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் பணியில் சேர்ந்தார். இளமையிலேயே அவருக்குச் சிறுநீரக நோய் இருந்தமையால் அவரைப் பணியில் சேர்க்க நிறுவனம் தயங்கியது. சகோதரரின் பரிந்துரையே அத்தயக்கத்தை நீக்கியது. 1929இல் அவர் திருமணம் செய்துகொண்டார். இவருக்கு இரு பிள்ளைகள்.

சுழலும் அலைவாங்கி

அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து பேசும் வானொலித் தொலைபேசிச் சேவை 1927ஆம் ஆண்டு தொடங்கியது. இச்சேவைக்குச் சிற்றலைகளைப் பயன்படுத்தியபோது பேச்சினூடே இரைச்சல் குறுக்கிட்டது. அந்த இரைச்சல் எத்திசையிலிருந்து, எவ்வளவு வலிமையுடன் வருகிறது என்பதைக் கண்டறிவதே ஜான்ஸ்கிக்கு அளிக்கப்பட்ட பணியாகும்.

இதற்காக அவர் கோம்டெல் என்னும் ஊரில் ஓர் அலைவாங்கியை (ஆன்டெனா) அமைத்தார். ஏறத்தாழ 30 மீட்டர் நீளம் கொண்ட அது, மரச்சட்டத்தின்மேல் உலோகக் குழாய்களைப் பொருத்திச் செய்யப்பட்டது. போர்டு நிறுவனத்தின் 'டி' வகை மகிழுந்தின் நான்கு சக்கரங்கள் அதனைத் தாங்கின. மின்னோடியால் இயங்கிய இவ்வமைப்பு 20 நிமிடத்திற்கு ஒரு முறை முழுச் சுற்றுச் சுற்றியது. இதனால் உடன்பணியாற்றியோர் அதனைக் குடைராட்டினம் என்று வேடிக்கையாக அழைத்தனர். இது 14.6 மீட்டர் அலைநீளமுள்ள (20.5 மெகாகெர்ட்சு அதிர்வெண்) அலைகளை வாங்கியது. வாங்கிய அலைகளின் வலிமையை அருகில் இருந்த சிறு கொட்டகையில் ஒரு பேனா காகிதச் சுருளில் தொடர்ந்து வரைந்தது.

மூன்று வகை இரைச்சல்கள்

பல மாதங்கள் பதிவுகளைச் சேகரித்தபின் ஜான்ஸ்கி இரைச்சலை மூன்று வகையாகப் பிரித்தார். முதலாவது, அருகில் உண்டாகும் இடிமின்னலால் வருவது. இரண்டாவது, தொலைவில் உண்டாகும் இடிமின்னலால் வருவது. மூன்றாவது, வலிமை குன்றிய, இடைவிடாத ஒரு சீறல் ஒலி. இதன் காரணம் விளங்கவில்லை. தொலைபேசிச் சேவையைப் பொறுத்தவரை முதல் இரண்டுமே முக்கியமானவை. ஆயினும் ஜான்ஸ்கி மூன்றாவதை விடாது பின்தொடர்ந்தார்.

அச்சீறல் வரும் திசை ஒரு நாளில் கிழக்கிலிருந்து மேற்காக வானைக் கடந்தது. 1931ஆம் ஆண்டின் இறுதியில் அத்திசை சூரியனின் திசையுடன் ஏறத்தாழ ஒன்றியிருந்தது. எனவே சூரியனே அதன் மூலம் என அவர் முதலில் கருதினார். மாதங்கள் செல்லச் செல்ல அத்திசை சூரியனை விட்டு விலகிச் சென்றது. 1932 ஆகத்து 31 அன்று ஏற்பட்ட சூரிய கிரகணத்தின்போதும் சீறலில் மாற்றம் எதுவும் தென்படவில்லை.

நான்கு நிமிட வேறுபாடு

ஓராண்டுப் பதிவுகளை ஒப்பிட்டபோது, சீறல் உச்சமடையும் நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 4 நிமிடம் முந்துவது தெரிந்தது. அதாவது அது 24 மணி நேரத்திற்கு ஒரு முறை அன்றி, 23 மணி 56 நிமிடத்திற்கு ஒரு முறை திரும்ப வந்தது. வானியலில் இது விண்மீன் நாள் எனப்படும். பூமி தன்னைத்தானே சுற்றுவதோடு சூரியனையும் சுற்றி வருவதால், ஒரு விண்மீன் மீண்டும் அதே திசைக்கு வர எடுக்கும் நேரம் சூரிய நாளைவிட 4 நிமிடம் குறைவாகும். வானியல் அறிந்த நண்பர் ஆல்பர்ட்டு இசுகெல்லட்டு இதன் பொருளை ஜான்ஸ்கிக்கு எடுத்துரைத்தார். சீறலின் மூலம் பூமியிலோ சூரியனிலோ இல்லை, விண்மீன்களிடையே நிலையாக உள்ளது என்பது இதனால் உறுதியாயிற்று.

அதன் திசை தனுசு விண்மீன் குழுவின் பக்கம், பால்வெளியின் மையத்தை ஒட்டி அமைந்திருந்தது. 1933 ஏப்பிரலில் வாசிங்டனில் நடந்த கூட்டம் ஒன்றில் ஜான்ஸ்கி இதனை அறிவித்தார். மே 5 அன்று நியூயார்க் டைம்சு நாளிதழ் இச்செய்தியை முதல் பக்கத்தில் வெளியிட்டது. சில நாட்களில் அச்சீறல் ஒலி வானொலியிலும் ஒலிபரப்பப்பட்டது. நேச்சர் இதழில் அவரது குறிப்பு சூலை மாதத்திலும், வானொலிப் பொறியாளர்களின் ஆய்விதழில் விரிவான கட்டுரை அக்டோபரிலும் வெளிவந்தன.

மூலம் பற்றிய விளக்கம்

1935இல் வெளியிட்ட கட்டுரையில், அலைகள் மையத்திலிருந்து மட்டுமன்றிப் பால்வெளியின் தட்டு முழுவதிலிருந்தும் வருகின்றன என ஜான்ஸ்கி காட்டினார். விண்மீன்களே மூலம் எனில் மிக அருகில் உள்ள சூரியனிடமிருந்து வலிமையான அலைகள் வரவேண்டும், அவ்வாறு வரவில்லை. எனவே விண்மீன்களுக்கு இடையே உள்ள பொருளில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் வெப்பத்தால் அசைவதும் காரணமாகலாம் என அவர் கருதினார். அக்காலத்தில் சூரியனின் செயல்பாடு மிகக் குறைந்த நிலையில் இருந்தது. சூரியனின் வானொலி அலைகள் 1942இல்தான் பிரித்தானியாவில் கண்டறியப்பட்டன.

ஆய்வு தொடராமை

சீறலின் மூலம் விண்வெளியில் உள்ளது எனத் தெரிந்தபின், நிறுவனத்தின் நோக்கில் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. இவ்விரைச்சலைத் தடுக்க இயலாது. எந்த வாங்கியின் நுண்ணுணர்வுக்கும் அது ஓர் எல்லையாக அமையும். இதனை விளக்கும் கட்டுரை ஒன்றை ஜான்ஸ்கி 1937இல் வெளியிட்டார். அதன்பின் அவர் வேறு பணிகளில் ஈடுபடுத்தப்பட்டார்.

சுமார் 30 மீட்டர் விட்டமுள்ள கிண்ண வடிவ அலைவாங்கி ஒன்றை அமைக்க அவர் விரும்பினார் என்றும், நிறுவனம் அதனை ஏற்கவில்லை என்றும் கூறப்படுகிறது. அவருடைய சகோதரர் பிற்காலத்தில் எழுதிய கட்டுரை, ஆய்வைத் தொடர ஜான்ஸ்கி விரும்பியதை வலியுறுத்துகிறது. மேலதிகாரியாக இருந்த அரால்டு பிரீசு, 1965இல் எழுதிய கட்டுரையில் இக்குற்றச்சாட்டை மறுத்தார். எனினும் ஜான்ஸ்கி தம் பெற்றோருக்கு எழுதிய கடிதங்களில், விரும்பிய பணியைச் செய்ய இயலாத வருத்தம் வெளிப்படுகிறது.

வானியலாளர்களும் இதனை முன்னெடுக்கவில்லை. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் புதிய முயற்சிகளுக்கு நிதி கிடைப்பது அரிதாக இருந்தது. அன்றைய வானியலாளர்கள் பலருக்கு வானொலிப் பொறியியலில் பயிற்சியும் இல்லை. 1937இல் விப்பிள், கிரீன்சுடைன் ஆகிய இருவரும் வெப்பமடைந்த விண்வெளித் தூசு இதற்குக் காரணமாகுமா எனக் கணக்கிட்டனர். கிடைத்த விடை ஜான்ஸ்கியின் அளவீட்டைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவாக இருந்தது.

அதே ஆண்டில் குரோட் ரேபர் என்னும் வானொலிப் பொறியாளர், இல்லினாய் மாநிலத்தில் தம் வீட்டருகே சொந்தச் செலவில் 9 மீட்டருக்கும் சற்று மிகுந்த விட்டமுள்ள கிண்ண வடிவத் தொலைநோக்கியை அமைத்தார். உயர் அதிர்வெண்களில் அவர் செய்த முதல் இரு முயற்சிகளில் எதுவும் கிடைக்கவில்லை. 160 மெகாகெர்ட்சில் மட்டுமே அலைகள் பதிவாயின. அதிர்வெண் குறையும்போது வலிமை மிகுவது வெப்பக் கதிர்வீச்சின் இயல்பு அன்று. காந்தப்புலத்தில் ஒளியின் வேகத்தை நெருங்கிச் சுழலும் எதிர்மின்னிகளே (இலத்திரன்கள்) ஜான்ஸ்கி கேட்ட சீறலின் முதன்மைக் காரணம் என்பது 1950ஆம் ஆண்டையொட்டி விளக்கப்பட்டது.

நிறை மிகுந்த விண்மீன்கள் பிறக்கும் பகுதிகள்

வெப்பத்தால் அசையும் மின்துகள்கள் பற்றிய ஜான்ஸ்கியின் கருத்து, அவர் கேட்ட சீறலுக்குப் பொருந்தவில்லை. ஆனால் பால்வெளியின் வேறொரு வகைப் பகுதிகளுக்கு அதுவே பொருந்தியது. சூரியனைவிட 8 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன்கள் மிகவும் வெப்பமானவை. அவற்றின் புற ஊதாக் கதிர்கள் சூழ்ந்துள்ள ஐதரசன் வளிமத்திலிருந்து எதிர்மின்னிகளைப் பிரிக்கின்றன. அவ்வெதிர்மின்னிகள் நேர்மின்னிகளை (புரோத்தன்கள்) நெருங்கி விலகும்போது வானொலி அலைகள் வெளிப்படுகின்றன. இத்தகைய விண்மீன்கள் தூசு செறிந்த முகில்களில் பிறப்பதால் அவற்றின் ஒளி வெளியே வருவதில்லை. வானொலி அலைகளோ தூசைக் கடந்து வருகின்றன.

1958இல் கார்ட்டு வெசுட்டர்கவுட்டு, நெதர்லாந்தின் 25 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு பால்வெளியின் வானொலி மூலங்களைப் பட்டியலிட்டார். அதில் உள்ள டபிள்யூ49 என்னும் பகுதி ஏறத்தாழ 36,000 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. தூசின் காரணமாக ஒளியில் காண இயலாதது. 1969இல் ஓரியன் முகிலிலும், டபிள்யூ49இலும், பால்வெளி மையத்திற்கு அருகிலுள்ள தனுசு பி2 முகிலிலும் நீராவியின் வானொலி அலைகள் கண்டறியப்பட்டன. அடுத்த ஆண்டு ஓரியன் முகிலில் கார்பன் மோனாக்சைடு கண்டறியப்பட்டது. இதனைச் செய்த வில்சன், செபர்ட்சு, பென்சியாசு ஆகிய மூவரும் ஜான்ஸ்கி பணியாற்றிய அதே பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்தவர்கள்.

1989இல் விசுகொன்சின் பல்கலைக்கழகத்தின் வுட், சர்ச்வெல் ஆகியோர், நியூ மெக்சிகோவின் மிகப்பெரும் தொலைநோக்கி அணியைக் கொண்டு, புதிதாய்ப் பிறந்த நிறை மிகுந்த விண்மீன்களைச் சூழ்ந்த மிகச் சிறிய அயனி முகில்களை ஆராய்ந்தனர். இம்முகில்கள் விரைவில் விரிந்து மறையும் எனக் கருதப்பட்டது. ஆனால் கிடைத்த எண்ணிக்கை அதற்குப் பொருந்தாத அளவு மிகுதியாக இருந்தது. அவை நெடுங்காலம் சிறியனவாகவே நீடிப்பது எவ்வாறு என்னும் வினா, பின்வந்த ஆய்வுகள் பலவற்றைத் தூண்டியது.

இறுதிக்காலம்

ஜான்ஸ்கி 1936ஆம் ஆண்டு, தம் ஆய்வின் அடிப்படையில் விசுகொன்சின் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப்போரின்போது, எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் அனுப்பும் வானொலிச் செய்திகளின் திசையைக் கண்டறியும் கருவிகளில் பணியாற்றி அரசின் பாராட்டைப் பெற்றார். சிறுநீரக நோய் முற்றியதன் விளைவாக 1950 பெப்ரவரி 14 அன்று நியூ செர்சியின் ரெட் பேங்க் என்னும் ஊரில் தமது 44ஆம் அகவையில் காலமானார். போருக்குப்பின் பிரித்தானியா, ஆத்திரேலியா, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் வானொலி வானியல் வேகமாக வளரத் தொடங்கியிருந்த காலம் அது.

நினைவும் பெருமையும்

* பன்னாட்டு வானியல் ஒன்றியம் 1973இல் வானொலி மூலங்களின் வலிமையை அளக்கும் அலகிற்கு ஜான்ஸ்கி எனப் பெயரிட்டது. ஒரு ஜான்ஸ்கி என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு கெர்ட்சுக்கு 10⁻²⁶ வாட் ஆகும்.
* நிலவில் உள்ள ஒரு கிண்ணக்குழிக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.
* மேற்கு வர்சீனியாவின் கிரீன் பேங்க் வானாய்வகத்தில் இவரது சுழலும் அலைவாங்கியின் முழு அளவு மாதிரி அமைக்கப்பட்டுள்ளது.
* கோம்டெலில் மூல அலைவாங்கி நின்ற இடத்தில் 1998இல் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது.
* 27 கிண்ணங்கள் கொண்ட மிகப்பெரும் தொலைநோக்கி அணி, மேம்படுத்தப்பட்டபின் 2012 மார்ச்சு 31 அன்று கார்ல் ஜான்ஸ்கியின் பெயரைப் பெற்றது. நிறை மிகுந்த விண்மீன்களின் பிறப்பிடங்களை ஆராயும் முதன்மைக் கருவிகளுள் அதுவும் ஒன்றாகும்.