வெள்ளி நாக்குக்காரர்

நெமிலிச்சேரி ஸ்டேஷன்ல காலை லோக்கலுக்கு நிக்கும்போது ஃபைனல் இயர் பசங்க பேச்சு இப்போ ஒண்ணே ஒண்ணுதான்: பிளேஸ்மென்ட். 'டிஸ்கஸ் அபௌட்' தப்பா? 'ரிவர்ட் பேக்' சொல்லலாமா? 'ப்ரிபோன்' டிக்ஷனரில இருக்கா? (முதல் ரெண்டுல 'அபௌட்'டும் 'பேக்'கும் தேவையில்லை. மூணாவது இந்தியாவுல பரவின வார்த்தை, இப்போ டிக்ஷனரியிலயே இருக்கு.) இங்கிலீஷ்னாலே நமக்கு ஒரு பயம். அந்தப் பயத்தைத் தாண்டிப் போன ஒருத்தரைப் பத்தித்தான் இந்த மாசம்.

வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1869 செப்டம்பர் 22 அன்று கும்பகோணம் பக்கத்தில் வலங்கைமானில் பிறந்தார். அப்பா ஏழைப் புரோகிதர். வீட்டில் இங்கிலீஷ் பேச ஆள் கிடையாது. கும்பகோணத்தில் படித்து பி.ஏ. முடித்தார். மாயவரத்தில் வாத்தியார் வேலை. 1894-ல் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனார். 1904-ல் அதே திருவல்லிக்கேணியில் டியூசிஎஸ் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

பிறகு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-ல் கோகலே இறந்ததும் சங்கத்தின் தலைவர் ஆனார். 1921-ல் லண்டனில் நடந்த இம்பீரியல் மாநாட்டில் இந்தியாவுக்காகப் பேசினார். அடுத்த வருஷம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றி, அங்கே வாழ்ந்த இந்தியர்களின் உரிமைக்காக வாதாடினார். அவர் பேச்சைக் கேட்டவர்கள் வைத்த பெயர்தான் 'சில்வர் டங்க்டு'. இனிமையாப் பேசுபவரை இங்கிலீஷ்ல இப்படிச் சொல்வது புதுசு இல்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே ஹென்றி ஸ்மித் என்ற லண்டன் பாதிரியாருக்கு இந்தப் பட்டம் இருந்தது. முந்நூறு வருஷம் கழித்து அது ஒரு தஞ்சாவூர் ஜில்லாக்காரருக்கு வந்து சேர்ந்தது.

1927-ல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய அரசின் முதல் ஏஜென்ட்டாகப் போனார். அங்கே இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் படிப்புக்கு வழியே சரியா இல்லை. அதுக்காக அவர் பணம் திரட்டினார். 1929-ல் டர்பனில் திறந்த அந்தப் பள்ளிக்கு சாஸ்திரி காலேஜ் என்றே பெயர். பேச்சுத் திறமை கைதட்டலோடு நிக்காமல் ஒரு கட்டடமா எழுந்தது.

அவர் மேல் விமர்சனமும் நிறைய. மிதவாதி, வெள்ளைக்காரனுக்கு வளைந்து போகிறார் என்று திட்டினார்கள். ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்கவில்லை. ஆனால் அவரைவிடப் பத்தே நாள் சின்னவரான காந்தி, அவரை அண்ணன் ஸ்தானத்தில் வைத்திருந்தார். காந்தியின் சுயசரிதை ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருத்தித் தந்தவர் தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று நிபந்தனை போட்டாராம். மகாதேவ் தேசாய் முன்னுரையில் இதை எழுதியிருக்கிறார். அந்த ஆள் சாஸ்திரிதான் என்பது பரவலான நம்பிக்கை. அரசியல்ல எதிர்ப்பக்கம் நின்றாலும், அவர் புத்தகத்துக்குப் பெயர் போடாம ப்ரூஃப் பார்த்திருக்கிறார்!

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1940-ல் அறிவியல் கலைச்சொற்களுக்காகச் சென்னை அரசு அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். அங்கே சறுக்கல். அவர் குழு சமஸ்கிருதம் பக்கம் சாய்கிறது என்று தமிழறிஞர்கள் கொதித்து எழுந்தார்கள். லண்டனையே மயக்கியவருக்கு சொந்த ஊர்ல மொழிச் சண்டை. நாம லேப் ரெக்கார்டுல எந்தச் சொல்லை எழுதறதுங்கற கேள்விக்கு அப்பவே இவ்வளவு சூடு இருந்திருக்கு.

1946 ஏப்ரல் 17 அன்று சென்னையில் காலமானார். சுதந்திரத்தை அவர் பார்க்கவில்லை.

எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நானே இன்டர்வியூ ரூம்ல திக்கறேன். வலங்கைமான்ல இருந்து கிளம்பினவர் எப்படித் திக்காமப் பேசினார்? எனக்குத் தோணுவது இதுதான்: அவர்கிட்ட யாருக்காகவாவது சொல்ல வேண்டிய விஷயம் ஒண்ணு எப்பவும் இருந்தது. கிராமர் திருத்தலாம், ஃப்ரெண்ட்ஸ். சொல்ல விஷயம் இருக்கான்னு முதல்ல பார்ப்போம்.