பெயரை மீட்ட தமிழன் – அயோத்திதாசப் பண்டிதர்

நுழையும்முன்

ஒருவரை எப்பெயரால் அழைப்பது என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால், இழிவான பெயர் சுமத்தப்பட்ட மக்களுக்குப் பள்ளியும் பொதுக்கிணறும் நிலமும் மறுக்கப்பட்டன. அந்த இழிவை ஏற்க மறுத்து, எழுத்தையே கருவியாகக் கொண்டு போராடிய அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

தங்கவயலின் வாசகர்கள்

பெங்களூரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் தொடர்வண்டிகளுள் ஒன்று, பங்காருப்பேட்டையில் கிளைப்பாதைக்குத் திரும்பி, மாரிகுப்பத்தில் தன் பயணத்தை முடிக்கிறது. அவ்வூர் கோலார் தங்கவயலைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பலர் அங்குச் சென்று சுரங்கத் தொழிலாளர் ஆயினர். அவர்களுள் பெரும்பாலோர் தம் சொந்த ஊரில் தீண்டத்தகாதவர் என ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். நிலத்தின் ஆழத்தில் உழைத்த அம்மக்களிடம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து ஒரு வார இதழ் வந்து சேர்ந்தது. அதன் பெயர் ‘தமிழன்’. அதன் ஆசிரியர் க. அயோத்திதாசப் பண்டிதர்.

பிறப்பும் கல்வியும்

அயோத்திதாசர் 1845-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். அவருடைய குடும்பம் நீலகிரிக்குக் குடிபெயர்ந்ததால் இளமைக்காலத்தின் பெரும்பகுதி அங்கே கழிந்தது. வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரிடம் அவர் தமிழ் இலக்கியமும் சித்த மருத்துவமும் கற்றார். ஆசிரியர்மீது கொண்ட பற்றினால் அவருடைய பெயரையே தம் பெயராக ஏற்றார்.

அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணியாற்றியவர். அவருடைய வீட்டில் திருக்குறள் ஓலைச்சுவடி காக்கப்பட்டு வந்ததாகவும், அது ஆரிங்டன் வழியாகத் தமிழறிஞர் எல்லிஸிடம் சேர்ந்ததாகவும் அயோத்திதாசர் எழுதியுள்ளார். திருக்குறள் முதன்முதலில் அச்சேறிய ஆண்டு 1812. கல்விக்குத் தகுதியற்றவர் எனச் சமூகம் தள்ளி வைத்த குடும்பம், தமிழின் தலைசிறந்த நூலைத் தலைமுறைகளாகக் காத்து வந்தது என்பதே அவர் இச்செய்தியால் உணர்த்த விரும்பியது. கற்ற குடியினர் கல்லாதவராக ஆக்கப்பட்டது எவ்வாறு என்னும் கேள்வி, அவருடைய வாழ்நாள் ஆய்வுக்கு வித்தாயிற்று.

உரிமைக் குரல்

1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, ஒடுக்கப்பட்ட மக்களை ஆதித்தமிழர் எனப் பதிவு செய்ய வேண்டும் என்று அவர் அரசை வேண்டினார். பிறர் இட்ட இழிபெயர் அரசு ஏட்டிலும் ஏறிவிட்டால், அதுவே நிலையான உண்மையாகிவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1885-இல் அருட்தந்தை ஜான் ரத்தினத்துடன் இணைந்து ‘திராவிட பாண்டியன்’ என்னும் இதழை நடத்தினார்.

1891-இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் உதகையில் நடைபெற்ற மாநாட்டில் பத்துத் தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன. சாதிப்பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கல்வி உதவி, படித்தோர்க்கு அரசுப்பணி, பொதுக்கிணறுகளிலும் குளங்களிலும் நீர் எடுக்கும் உரிமை, சிறைகளில் ஒடுக்கப்பட்டோரை மட்டும் இழிதொழிலில் ஈடுபடுத்திய விதியை நீக்குதல் ஆகியனவும் கோரப்பட்டன.

அடுத்த ஆண்டு, சென்னை மகாஜன சபையின் கூட்டத்திற்கு நீலகிரியின் சார்பில் அவர் சென்றார். சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் ஒடுக்கப்பட்டோர் நுழைந்து வழிபட ஏன் தடை என வினவினார். அவையில் கூச்சல் எழுந்தது. அம்மக்களுக்கு வேறு தெய்வங்கள் உள்ளன என்று கூறி, அவருடைய கோரிக்கை மறுக்கப்பட்டது. அவர் தளரவில்லை. அத்தெய்வங்களே தமக்கு வேண்டா என்று அங்கேயே அறிவித்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வியும் உழைப்போர்க்குத் தரிசு நிலமும் வேண்டும் என வலியுறுத்தினார்.

பௌத்தத்தை நோக்கி

சமத்துவம் கிடைக்காத இடத்தில் இரந்து நிற்பதைவிட, சமத்துவம் உள்ள நெறியைத் தேடிச் செல்வதே தக்கது என அவர் முடிவு செய்தார். 1898-இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கைக்குச் சென்றார். கொழும்பில் சுமங்கல தேரரிடம் பௌத்த நெறியை ஏற்றார். சென்னை திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பெங்களூர், கோலார் தங்கவயல், இரங்கூன் முதலிய இடங்களிலும் அதன் கிளைகள் தோன்றின. டாக்டர் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956-இல் ஆகும். அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் இம்முயற்சி தொடங்கிவிட்டது.

ஒரு பைசா இதழ்

1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ஏழையும் வாங்கிப் படிக்கவேண்டும் என்பதே அவ்விலையின் நோக்கம். ஓராண்டிற்குப்பின் அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. தமிழர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையே மறுக்கப்பட்ட ஒருவர், தம் இதழுக்கு அப்பெயரைச் சூட்டியது ஆழ்ந்த பொருளுடையது. அந்நியத் துணியை விலக்கும் சுதேசி இயக்கத்தினர் சாதிப்பிரிவை ஏன் விலக்கவில்லை என்னும் வினாவை அவ்விதழ் துணிந்து எழுப்பியது.

இலக்கியத்தை மறுவாசிப்புச் செய்வதையும் அவர் போராட்டமாகவே கருதினார். திருவள்ளுவரின் பிறப்பைப் பற்றி வழங்கிய இழிவான கதையைப் பொய்யென மறுத்துத் தனிநூல் எழுதினார். திருக்குறளுக்கு உரை வரைந்தார். தீபாவளியை எள்நெய்யுடனும் கார்த்திகைத் தீபத்தை ஆமணக்கு நெய்யுடனும் இணைத்து, உழைக்கும் மக்களின் அறிவுக்குரிய விழாக்களாக அவற்றை விளக்கினார். ‘இந்திரர் தேச சரித்திரம்’, ‘புத்தரது ஆதிவேதம்’ ஆகியன அவருடைய பிற நூல்கள். அவர் கண்ட முடிவுகள் அனைத்தையும் இன்றைய வரலாற்றறிஞர் ஏற்பதில்லை. எனினும், ஒடுக்கப்பட்டோர் தம் வரலாற்றைத் தாமே எழுதலாம் என்னும் துணிவை அவர் அளித்தார்.

மறைவும் நினைவும்

1914-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் அவர் மறைந்தார். திருக்குறள் உரை முற்றுப்பெறாமல் நின்றது. ஆனால், ‘தமிழன்’ ஓயவில்லை. 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு, கோலார் தங்கவயலிலிருந்து அது மீண்டும் வெளிவந்தது. அவருடைய நூல்களையும் அவ்வூர் பௌத்தர்கள் மறுபதிப்புச் செய்து காத்தனர். ஓலைச்சுவடியை ஒரு பட்லர் காத்ததுபோல, அச்சு நூல்களைச் சுரங்கத் தொழிலாளர்கள் காத்தனர்.

1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வெளிவந்த பின்னரே அவருடைய எழுத்துகள் பரவலாக அறியப்பட்டன. 2005-இல் நடுவணரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிறர் சுமத்திய பெயரை மறுத்தவரின் பெயரை இன்று நாடே மதிப்புடன் வழங்குகிறது.

அருஞ்சொற்பொருள்

இரந்து – கெஞ்சிக் கேட்டு
தரிசு – பயிரிடப்படாத நிலம்
தேரர் – பௌத்தத் துறவி
வித்து – விதை

சிந்தித்து எழுதுக

1. கணக்கெடுப்பில் இடம்பெறும் பெயரை அயோத்திதாசர் முதன்மையாகக் கருதியது ஏன்?
2. ஓலைச்சுவடியைக் காத்தவர்க்கும் அச்சு நூல்களைக் காத்தவர்க்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.
3. உங்கள் வகுப்பில் ஒருவரை இழிவான பெயரால் அழைத்தால், நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒரு பத்தியில் எழுதுக.