விழாத விமானம் தேடியவர்

கல்குடாக் கடற்கரையிலே சிறுவர் பனையோலைக் காற்றாடியை ஏந்தி ஓடுவர். அதனைச் சுழற்றுவது இயந்திரமன்று, எதிர்வரும் காற்றே. இவ்வெளிய உண்மையை நம்பித் தம் வாழ்வைச் செலவிட்டவர் ஸ்பானியப் பொறியியலாளர் ஹுவான் டெ லா சியெர்வா.

1895ஆம் ஆண்டு முர்சியாவிற் பிறந்த அவர், இளமையிலேயே விமானம் அமைக்கத் தலைப்பட்டார். 1919இல் அவர் வகுத்த மூவியந்திர விமானம், தாழப் பறக்கையில் வேகங் குன்றி வீழ்ந்து நொறுங்கியது. வேகம் குறைந்தால் இறக்கை தாங்கும் ஆற்றலை இழக்கும். இறக்கையே சுழலுமாயின் அக்குறை நீங்குமன்றோ என எண்ணினார்.

முதல் முயற்சிகள் தோற்றன. முன்செல்லும் அலகு மிகுதியாகவும் பின்செல்லும் அலகு குறைவாகவும் தாங்கியமையால் விமானம் ஒருபுறம் சாய்ந்தது. அலகின் அடியிலே கீல் பொருத்தி, அது மேலுங் கீழும் அசைய இடங்கொடுத்தார், சாய்வு ஒழிந்தது. 1923 சனவரியில் அவரது ஓட்டோகைரோ பறந்தது. சில நாட்களில், மேலெழும்போதே அதன் இயந்திரம் நின்றது. கீழிருந்து எழுந்த காற்று அலகுகளைச் சுழற்ற, அது மெல்லத் தரை சேர்ந்தது. 1928இல் அத்தகைய விமானத்தில் ஆங்கிலக் கால்வாயையுங் கடந்தார்.

ஆயினும், 1936 டிசம்பர் 9ஆம் நாள், இலண்டன் குரொய்டனில் மூடுபனியிடையே புறப்பட்ட பயணிகள் விமானம் வீழ்ந்தபோது, அதிலிருந்த அவரும் மாண்டார். அது அசையா இறக்கை விமானம். அகவை 41.

அவர் தந்த கீல் பின்னர் ஹெலிகொப்டருக்கு உதவிற்று. இயந்திரம் நின்ற ஹெலிகொப்டர் காற்றாற் சுழன்று இறங்குகையில், தம்மைக் காவாத அவரது அறிவு பிறரைக் காக்கின்றது.