மழையின் கணக்கைத் தேடிய மேதை

மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்பது நம் நாட்டுப் பழமொழி.

மகாதேவன் மலையாகவே நிற்கும் ஊர் திருவண்ணாமலை. அந்த ஊர்க் குடியானவர்களும் வானத்தை அண்ணாந்து பார்த்தபடிதான் இருக்கிறார்கள். ஆடியில் மழை பெய்தால் மானாவாரி நிலத்தில் மணிலா விதைக்கலாம். ஐப்பசியில் பெய்தால் ஏரி நிரம்பும். பெய்யாவிட்டால் விதையும் போகும், கடனும் ஏறும்.

அளவுக்கு மிஞ்சிப் பெய்தாலும் துயரம்தான். 2024-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி, பெஞ்சல் புயல் கொட்டிய மழையில் திருவண்ணாமலையில் மண் சரிந்தது. மலை அடிவாரத்தில் ஒரு வீடு புதைந்து போயிற்று. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

புயல் வருவதை இன்று சில நாட்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். ஆனால், இந்த வருஷம் பருவமழை நன்றாகப் பெய்யுமா, பொய்த்துப் போகுமா என்று பல மாதங்களுக்கு முன்பே சொல்ல முடியுமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடி இருபது ஆண்டுகள் இந்தியாவில் பாடுபட்டார், ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் சர் கில்பர்ட் வாக்கர்.

தாது வருஷப் பஞ்சம்

வாக்கர் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே இந்தக் கேள்வி பிறந்துவிட்டது. அதைப் பெற்றது பஞ்சம்.

1876-ம் ஆண்டு பருவமழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொன்னது இதைத்தான். சென்னை மாகாணம்தான் மிகவும் அடிபட்டது. இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். மழை மட்டும் குற்றவாளி அல்ல. ஜனங்கள் பட்டினி கிடந்தபோதும் தானியம் கப்பலேறிச் சீமைக்குப் போனது.

மழை பொய்க்கப் போவது முன்பே தெரிந்தால் தானியத்தைச் சேர்த்து வைக்கலாமே! இந்த எண்ணம் வலுத்தது. 1875-ல் தொடங்கிய இந்திய வானிலை இலாகாவின் தலைவர் பிளான்போர்டு, இமயமலைப் பனியைப் பார்த்து மழையைக் கணித்தார். பனி மிகுந்தால் மழை குறையும் என்பது அவர் கண்ட கணக்கு. அவருக்குப் பின் வந்தவர் எலியட். 1899-ல் நல்ல மழை பெய்யும் என்று அவர் அறிவித்தார். அந்த வருஷமே மழை பொய்த்தது. மீண்டும் கொடிய பஞ்சம்.

இந்த நிலையில்தான், 1904-ல், இலாகாவின் பொறுப்பு வாக்கரிடம் வந்தது.

பூமராங் வாக்கர்

வாக்கர் 1868-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தவர். தகப்பனார் என்ஜினீயர். மகனுக்கோ கணிதத்தில் மோகம். 1889-ல் கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் முதலாவதாகத் தேறினார்.

வீசினால் வீசியவரிடமே திரும்பி வரும் வளைதடியை பூமராங் என்பார்கள். அதை வீசுவதில் வாக்கர் வல்லவர். அது எப்படித் திரும்பி வருகிறது என்பதையும் ஆராய்ந்து எழுதினார். கேம்பிரிட்ஜில் அவருக்கு பூமராங் வாக்கர் என்றே பெயர். புல்லாங்குழலிலும் அவருக்கு ஆசை உண்டு.

ஆனால் ஒன்று. அவர் வானிலை படித்தவர் அல்ல!

கணக்கு மேதை என்பதால்தான் அவரை அழைத்தார்கள். அவரும் கணக்கு வழியாகவே மழையைத் தேடினார்.

இராமானுஜனுக்குச் செய்த உதவி

1913-ம் ஆண்டு பிப்ரவரியில் வாக்கர் சென்னைக்கு வந்தார். சென்னைத் துறைமுகத்தில் அப்போது ஓர் இளைஞர் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தார். துறைமுகத் தலைவர் ஸ்பிரிங் துரை, அந்த இளைஞரின் கணக்குகளை வாக்கரிடம் காட்டினார்.

மேதையை மேதை அறிந்துகொண்டார். இந்த இளைஞருக்கு உதவ வேண்டும் என்று சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு வாக்கர் உடனே கடிதம் எழுதினார். பல்கலைக் கழகம் இரண்டு வருஷத்துக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் தந்தது. குமாஸ்தா வேலை விட்டது, ஆராய்ச்சி தொடங்கியது.

அந்த இளைஞர்தான் கணித மேதை ஸ்ரீனிவாச இராமானுஜன்!

கடலில் ஒரு தராசு

இந்தியாவின் மழைக்குக் காரணத்தை இந்தியாவில் மட்டும் தேடினால் போதாது என்று வாக்கர் நினைத்தார். உலகம் முழுவதிலிருந்தும் வானிலைக் குறிப்புகளைத் திரட்டினார். தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், நைல் நதியின் வெள்ளம், ஜாவாவின் மழை, இமயத்தின் பனி, ஒன்றையும் விடவில்லை. ஒரு வருஷம் அங்கே இப்படி இருந்தால் இந்தியாவில் மழை எப்படி என்று ஒவ்வொன்றையும் ஒப்பிட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். இந்திய குமாஸ்தாக்கள் கையால் கணக்குப் போட்டார்கள்.

அந்த எண் குவியலுக்குள் ஓர் அதிசயம் தெரிந்தது. பசிபிக் கடலில் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. தராசின் இரண்டு தட்டுகள் போல! இதற்குத் தெற்கு அலைவு என்று வாக்கர் பெயரிட்டார்.

தட்டு ஏறி இறங்குவது தெரிந்தது. தராசை ஆட்டும் கை எது என்பது தெரியவில்லை. அவருடைய கணிப்புகளும் பல சமயம் தவறின. காரணம் சொல்லாத கணக்கை எப்படி நம்புவது என்று விஞ்ஞானிகள் பலர் ஐயப்பட்டனர். 1924-ல் சர் பட்டத்துடன் வாக்கர் இங்கிலாந்து திரும்பினார். 1958-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி, 90-வது வயதில் காலமானார். அந்தக் கை எது என்று தெரியாமலே கண்ணை மூடினார்.

பதினோரு ஆண்டுகள் கழித்து

1969-ல் பியர்க்னஸ் என்ற விஞ்ஞானி விடை சொன்னார். தராசை ஆட்டும் கை, கடலின் சூடு!

தென் அமெரிக்காவின் பெரு நாட்டு மீனவர்கள், சில வருஷங்களில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் சூடாவதைக் கண்டு, அதற்கு எல் நினோ என்று பெயர் வைத்திருந்தார்கள். குழந்தை ஏசு என்று பொருள். அப்படிக் கடல் சூடானால் மழைமேகம் கிழக்கே நகர்கிறது. தராசு சாய்கிறது. இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறைகிறது. கிழக்கிலும் மேற்கிலும் ஓடும் இந்தக் காற்றோட்டத்துக்கு வாக்கர் சுழற்சி என்று பியர்க்னஸ் பெயரிட்டார்.

இன்று ஒவ்வோர் ஏப்ரலிலும் வானிலை இலாகா பருவமழையைக் கணிக்கும்போது வாக்கரின் தராசையும் பார்க்கிறது. 2009-ல் எல் நினோ வந்தது. மழை வெகுவாகக் குறைந்தது. 1997-ல் பெரிய எல் நினோ வந்தது, மழையோ குறையவில்லை. எனவே இது சத்தியவாக்கு அல்ல, எச்சரிக்கை.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. எல் நினோ வருஷத்தில் ஆடி மழை ஏமாற்றினாலும், ஐப்பசி, கார்த்திகை மழை கூடுதலாகப் பெய்வது உண்டு. திருவண்ணாமலைக் குடியானவருக்கு இது பெரிய செய்தி. எப்போது விதைப்பது, எப்போது ஏரிக்கரையைப் பலப்படுத்துவது என்று யோசிக்க அவகாசம் கிடைக்கிறது அல்லவா?

மழைப்பேறு இன்னும் முழுதாகத் தெரிந்துவிடவில்லை. ஆனால் சிறிது தெரியும். அந்தச் சிறிதுக்குக் கணக்குப் போட்டவர், எங்கோ பிறந்து நம் மழைக்காகக் கவலைப்பட்ட அந்த பூமராங் வாக்கர்.