உச்ச சுரம் தொட்ட உழைப்பாளர் லூயி ஆம்ஸ்ட்ராங்

மதுரை மாநகரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பேண்டு வாத்தியம் இன்றித் திருவிழாவோ திருமண ஊர்வலமோ சிறப்பதில்லை. அக்குழுக்களில் டிரம்பெட் ஊதும் இளைஞர்கள் அறியவேண்டிய பெருமகன் ஒருவரின் வரலாற்றை இங்குக் கூற விழைகின்றோம்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், அடிமைத்தளை அறுத்த கறுப்பின மக்களின் வழித்தோன்றலாய், 4-8-1901 அன்று லூயி ஆம்ஸ்ட்ராங் பிறந்தார். அவர் பிறந்த நாளே அவர் மறைந்த பின்னர்தான் தேவாலயப் பதிவேட்டின் வாயிலாகத் தெரியவந்தது. பள்ளி ஆசிரியர் குறித்த தேதியையே பிறந்த நாளாகக் கொண்ட நம் முதியோர்க்கு இது வியப்பன்று. வறுமையால் கல்வி பாதியில் நின்றது; நிலக்கரி வண்டியில் உழைத்தார். 1912ஆம் ஆண்டின் இறுதி இரவில் தெருவில் துப்பாக்கி வெடித்ததற்காகச் சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் அடைக்கப்பட்டார். அங்கேதான் பீட்டர் டேவிஸ் என்னும் ஆசிரியரிடம் கார்னெட் பயின்றார். பின்னர் கிங் ஆலிவரின் வழிகாட்டலில் வளர்ந்து, 1922இல் சிக்காகோ சென்றார்.

28-6-1928 அன்று பதிவான ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ இசைத்தட்டில் மேல்சுரம் ஒன்றை ஏறத்தாழ நான்கு தாளவட்டம் அசையாது நிறுத்திக் காட்டினார். மேடைகளில் உச்ச சுரங்களை நூற்றுக்கணக்கில் அடுக்கி ஊதினார். பம்பாயின் சிக் சாக்லெட் போன்றோர் அவர்தம் வழியையே பின்பற்றினர்.

ஆயினும் அதற்கு அவர் தந்த விலை பெரிது. ஓய்வின்றி ஊதியதால் உதடு பிளந்தது. 1934இல் பாரிசு நகரில் பல மாதங்கள் ஓய்ந்திருக்க நேர்ந்தது. இளைஞர்களே, இதை உளங்கொள்ளுங்கள்! மேல்சுரம் காற்றின் விரைவாலும் உதட்டோரத் தசைகளின் உறுதியாலும் பிறப்பது. மவுத்பீசை உதட்டில் அழுத்திப் பெறுவதன்று. அழுத்தினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு உதடு மரத்துப்போகும். நாள்தோறும் கீழ்சுரங்களை நீளமாக ஊதி, அரைச்சுரம் அரைச்சுரமாக மேலேறுக. ஊதிய நேரம் எவ்வளவோ அவ்வளவு ஓய்வும் கொள்க.

1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர் பள்ளிக்குள் நுழையாது தடுக்கப்பட்டனர். அப்போது ஆம்ஸ்ட்ராங் குடியரசுத் தலைவரையே கடிந்துரைத்தார். அரசின் சார்பில் சோவியத்து நாடு செல்லவும் மறுத்தார். பாதியில் பள்ளியை இழந்தவர், பிறர் பிள்ளைகளின் பள்ளிக்காகக் குரல் கொடுத்தார்!

6-7-1971 அன்று அவர் மறைந்தார். வாத்தியமும் பயில்வோம், கல்வியையும் கைவிடோம். அதுவே அம்மேதைக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.